வட பிரிவில் விளையாடிய தெற்குத் தீவு

1

பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கைத் துப்புரவு செய்வதுதான் இப்போது என் காலை வேலை. நோயாளிகள் காத்திருக்கிற அறையில் கலைந்து கிடந்த பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, விளையாட்டுப் பக்கத்தில் பெண்கள் கூடைப்பந்து லீக்கின் புதிய பருவத்துக்கான விவரம் கண்ணில் பட்டது. வட பிரிவில் எந்தெந்த நகரங்கள், தென் பிரிவில் எந்தெந்த நகரங்கள் என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இரண்டிலும் எங்கள் பலெர்மோ நகரம் இல்லை. இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் தூசித் துணியைக் கையில் பிடித்தபடி மேலிருந்து கீழாக இன்னொரு முறை படித்தேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தெரியாது. இத்தாலிக்குப் போனவள் கோயில்களைப் பற்றி எழுதுவாள், பாப்பரசரைப் பார்த்த கதை எழுதுவாள் என்று எதிர்பார்ப்பீர்கள். கோயில்களும் பார்த்தேன். ஆனால் இந்த நாட்டில் என்னை வாய் பிளந்து நிற்க வைத்தது ஒரு பந்தும், அதன் பின்னால் ஓடிய பெண்களும்தான். அதை எழுதாவிட்டால் இங்கே வாழ்ந்ததை எழுதியதாக ஆகாது.

2

பலெர்மோவில் வியா மக்வேதாத் தெருவிலிருந்து வடக்கே போகப் போக வீடுகள் பெரிதாகும். அப்படிப் பெரிதான ஒரு வீட்டில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சட்டத்தரணி. அவருடைய மனைவியைச் சிஞ்ஞோரா என்றுதான் நான் கூப்பிடுவேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில் ஒருநாள் சிஞ்ஞோரா சமையலறைக்குள் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“ரெஜினா, இவர் ஒரு அணியை வாங்கிப்போட்டார்.”

(அவர்கள் பேசியது இத்தாலியன். நான் எனக்கு விளங்கினபடி எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

நான் பந்து, சட்டை, சப்பாத்து எல்லாம் வாங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்படியில்லையாம். வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு சிறு நகரம். அங்கே பெண்களின் கூடைப்பந்து அணி ஒன்று பல வருடங்களாக நன்றாக விளையாடி வந்திருக்கிறது. அதற்கு ஆதரவாக இருந்த தொழிற்சாலை மூடிவிட்டது. அணியை நடத்த ஆளில்லை. ஆனால் லீக்கில் அதற்கொரு இடம் இருக்கிறது அல்லவா? அந்த இடத்தைத்தான் சட்டத்தரணி வாங்கியிருக்கிறார். கையெழுத்து வைத்த அன்று வரை அது மலையடிவாரத்து அணி. அடுத்த நாள் அது பலெர்மோ அணி.

அன்று பின்னேரம் என் கணவர் அந்தோனியிடம் சொன்னேன். அவருக்குக் கோடையில் மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு உணவகத்தில் வேலை.

“ஒரு அணியை எப்பிடியப்பா வாங்கிறது? ஆக்களையுமோ?”

“ஓம், ஆக்களோடைதான். வர விருப்பமானவை வருவினமாம்.”

“அப்ப அந்த ஊர்ச் சனம்?”



எங்கள் பக்கத்தில் இடம்பெயர்ந்தவர்கள் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நானே மன்னாரிலிருந்து மடுவுக்கும், மடுவிலிருந்து கொழும்புக்கும் போனவள். போகிற இடத்தில் நேற்று வரை நாங்கள் யாராக இருந்தோம் என்பது கணக்கில் வராது. இங்கே ஒரு அணி கடல் கடந்து வருகிறது, அதன் தகுதி, அதன் பிரிவு எல்லாம் குறையாமல் கூடவே வருகின்றன. பிரிவும்தான்! அந்த அணி வட பிரிவில் இருந்த அணி. ஆகவே முதல் வருடம் பலெர்மோவும் வட பிரிவிலேயே விளையாட வேண்டும் என்று லீக் சொல்லிவிட்டது. வரைபடத்தில் ஆபிரிக்காவைத் தொடுவதுபோலக் கிடக்கிற இந்தச் சிசிலித் தீவு, வட பிரிவில். சிஞ்ஞோரா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கேள்விப்பட்டதை நம்ப முடியாமல் நின்றேன்.

3

வெளியூர் வீராங்கனைகளுக்கு ஒரு பெரிய வீடு வாடகைக்கு எடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் என்னை அனுப்பினார்கள். கிளப்பே எனக்கு வேலை ஒப்பந்தம் எழுதியது. அந்த ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்த்தான் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் அலுவலகத்தில், எங்கள் சொஜ்ஜோர்னோவைப் புதுப்பித்தோம். சொஜ்ஜோர்னோ என்பது இங்கே இருப்பதற்கான அட்டை. அதுவரை என் அட்டையில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருந்தது. யாரோ முதல்முறை மாற்றிப் பதிந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கவுண்டரில் “சூசைப்பிள்ளை!” என்று கூப்பிடுவார்கள், நான் எழும்பிப் போனால் பின்னால் ஒரு ஆண்பிள்ளை வருகிறாரா என்று பார்ப்பார்கள். கிளப்பின் கடிதத்தோடு போன அன்றுதான் அதைத் திருத்தித் தந்தார்கள்.

டெனிஸ் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கதவைத் திறந்தேன். கண்ணுக்கு நேரே ஒரு பையின் வார் தெரிந்தது. முகத்தைப் பார்க்க நிமிர வேண்டியிருந்தது. எங்களையும்விடக் கறுத்த நிறம், நீண்ட கைகள், நிலையில் இடிக்காமல் இருக்கத் தலையைச் சாய்த்து வைத்த பழக்கம். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்தி விளைகிற ஒரு சிறிய ஊர்க்காரி. கோடை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அவள் மலையடிவாரத்து அணிக்காரி. வீட்டில் இருக்கும்போதே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள், உன் அணி இப்போது தீவில் இருக்கிறது, நேரே அங்கே போ என்று.

“என்ரை குளிர்ச் சட்டையெல்லாம் இன்னும் அங்கைதான் கிடக்குது,” என்றாள். “இஞ்சை அதுக்கு வேலை இல்லைப் போலை.”

சொந்த அரங்கில் முதல் போட்டி. சிஞ்ஞோரா எனக்கும் மகளுக்கும் இடம் தந்தார். மகள் டிலானிக்கு அப்போது பத்து வயது. விளக்குகள் எரிய, பந்து மேலே எறியப்பட்டதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

நான் மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள். கோல் போடுகிற இடம் எனக்கு. வலைப்பந்தில் பந்து கைக்கு வந்தால் அப்படியே நிற்க வேண்டும், ஓடக்கூடாது. பாவாடை முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சிஸ்டரின் தனிச் சட்டம். இங்கே இந்தப் பெண்கள் பந்தைத் தட்டிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினார்கள். இடித்தார்கள், விழுந்தார்கள், எழும்பினார்கள். டெனிஸ் பாய்ந்தபோது அவள் திரும்பக் கீழே வருவதற்குள் நான் ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லி முடித்திருக்கலாம். இதற்கு அவர்களுக்குச் சம்பளம் வேறு! விளையாடுவதற்குப் பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிற உலகம் ஒன்று இருந்திருக்கிறது, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காலமெல்லாம்.

அன்று இன்னொன்றும் பார்த்தேன். மேல் வரிசையில், பச்சை வெள்ளைக் கழுத்துத் துணி கட்டிய கொஞ்சப் பேர் தனியாக இருந்தார்கள். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள். ரயிலும் கப்பலும் பிடித்து நாட்டின் நீளம் முழுவதையும் கடந்து வந்திருந்தார்கள். பலெர்மோ என்று அரங்கம் கத்தியபோது அவர்கள் கத்தவில்லை. ஆனால் வீராங்கனைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். போட்டி முடிந்ததும் கீழே இறங்கி வந்து டெனிஸைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு வயதான மனிசி அவளுடைய குளிர்ச் சட்டைகளை மடித்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“அந்தச் சனத்துக்குக் கோவம் இல்லையோ?” என்று பிறகு கேட்டேன்.

“இருக்கு. ஆனா எங்களிலை இல்லை,” என்றாள் டெனிஸ்.

4

அடுத்த வருடம் லீக் பிரிவுகளை மாற்றி அமைத்தது. பலெர்மோ தென் பிரிவுக்கு வந்தது. இப்போது எதிரணிகள் நேப்பிள்ஸ் பக்கமும் கலாப்ரியாவிலும் இருந்தன. விமானம் பிடிக்க வேண்டிய பயணங்கள் குறைந்தன. வெளியூர் ரசிகர்கள் பஸ்ஸிலேயே வந்து இறங்கிச் சண்டை பிடித்தார்கள். பக்கத்து ஊரோடு மோதும்போது வருகிற சூடு தூரத்து ஊரோடு வராது என்பது இங்கும் உண்மைதான். அரங்கு நிரம்பத் தொடங்கியது.

டிலானி கிளப்பின் சிறுமிகள் அணியில் சேர்ந்தாள். சேர்ப்பதற்கே ஒரு போராட்டம். பிறந்தது பலெர்மோ ஆஸ்பத்திரியில், பேசுவது பலெர்மோப் பேச்சு, ஆனால் பதிவுக்கு அவள் வெளிநாட்டுக்காரி. அவளுடைய வயதை நிரூபிக்க ஒரு அலுவலகம், அவள் எங்களோடுதான் இருக்கிறாள் என்று நிரூபிக்க இன்னொன்று. “நான் இஞ்சைதானே பிறந்தனான், அவை ஏன் கேக்கினம்?” என்று வழியெல்லாம் அழுதாள்.

அந்த வயதில்தான் அவள் எங்களிடமிருந்து விலகத் தொடங்கியிருந்தாள். நான் தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் வரும். பஸ்ஸில் நான் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் “அம்மா, பியானோ, பியானோ” என்று மெல்லக் கதைக்கச் சொல்லுவாள். சிநேகிதிகள் நின்றால் இரண்டடி முன்னால் நடப்பாள்.

ஒருநாள் அரங்குக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். டெனிஸ் சிறுமிகளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விளையாட்டாகப் பந்தை என் பக்கம் எறிந்தாள். கை தானாகப் பிடித்துவிட்டது. கால் தானாக நின்றுவிட்டது. நின்ற இடத்திலிருந்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரு கையால் எறிந்தேன். எங்கள் வலைப்பந்து வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது. ஆகவே பலகையில் படாமல், வளையத்தின் விளிம்பில் ஒருமுறை சுற்றி, உள்ளே விழுந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. மறுபடி எறியச் சொன்னார்கள். அது வெளியே போய்விட்டது. எல்லோரும் சிரித்தோம்.

டிலானி மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்கள் எங்கை பழகினனீங்கள்?”

“மன்னாரிலை. பள்ளிக்கூடத்திலை.”

“ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?”

அன்று வீடு வரை அவள் என்னோடு சேர்ந்து நடந்தாள். தமிழில்தான் கேட்டாள், பாதிச் சொற்கள் தடுக்கினாலும்.

5

டெனிஸ் ஏன் இந்தத் தீவில் இருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆண்களின் கூடைப்பந்து லீக் உலகப் புகழ் பெற்றது. புதிது புதிதாக நகரங்களைச் சேர்த்து, கனடா வரைக்கும் விரிந்துவிட்டது. ஆனால் பெண்களுக்கு அங்கே நிலையான லீக் என்று ஒன்று இருக்கவில்லை. பல்கலைக்கழகம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. விளையாட வேண்டுமானால் ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போக வேண்டும். இத்தனை பெரிய நாட்டிலிருந்தும் பிழைப்புக்காகக் கடல் கடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். அவளுக்கும் ஒரு சொஜ்ஜோர்னோ இருந்தது. அவளும் குவெஸ்தூராவில் எங்களோடு வரிசையில் நின்றாள்.

அவள் இங்கே இருந்தபோதே அங்கே பெண்களுக்கும் லீக் தொடங்கிவிட்டது. முதல் வருடம் இவளை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் லீக்கை விரித்து இன்னும் சில நகரங்களுக்கு அணி கொடுத்தார்கள். புது அணிகளுக்கு ஆட்கள் வேண்டும். ஒரு காலை நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அவளுடைய பழைய பயிற்சியாளர். தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவளுடைய ஊரிலிருந்து காரில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிற நகரம்.

அவள் சந்தோசப்படவில்லை. கதிரையில் இருந்து மேசையையே பார்த்தாள். தேர்வு நடக்கிற அதே கிழமையில்தான் எங்கள் கடைசிப் போட்டி.

அந்தப் போட்டியின் முக்கியம் எனக்குப் பிழையாகத்தான் விளங்கியிருந்தது. தோற்றால் ரெத்ரோசெஸ்ஸியோனே என்று சிஞ்ஞோரா சொல்லியிருந்தார். நான் கோயில் வளாகத்தில் அடிக்கடி கேட்கிற ப்ரொசெஸ்ஸியோனே, அதாவது சுருவப் பவனி, என்று எடுத்துக்கொண்டேன். “தோத்தாலும் பவனி வைப்பினமாம், நல்ல சனம்,” என்று அந்தோனியிடம் சொன்னேன். டிலானி சிரித்து உருண்டுவிட்டு விளக்கினாள்: தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். இறங்கினால் சட்டத்தரணி தொடர்ந்து நடத்த மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அணி இல்லையென்றால் வீராங்கனைகளின் வீடு இல்லை. வீடு இல்லையென்றால் என் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் சொஜ்ஜோர்னோ இல்லை. அந்த வருடம்தான் அது முடிகிற வருடம்.

டெனிஸுக்கும் இது தெரியும். அதனால்தான் மேசையைப் பார்த்தாள்.

“நீ என்ன செய்வாய், ரெஜினா?”

நான் வெங்காயம் வெட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே இருந்தேன். அவளிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். எங்கள் பள்ளி மாவட்டத்தில் வென்றது. மாகாணப் போட்டிக்கு யாழ்ப்பாணம் போக வேண்டும். காலையில் சட்டையெல்லாம் தோய்த்து மடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றோம். சண்டை என்று பாதையைப் பூட்டிவிட்டார்கள். பஸ் வரவில்லை. அடுத்த கிழமை போகலாம் என்று சிஸ்டர் சொன்னார். அந்த அடுத்த கிழமை இன்னும் வரவில்லை.

“எங்களுக்குப் பாதை பூட்டிக் கிடந்தது. உனக்குத் திறந்திருக்கு. போ.”

“அப்ப நீ?”

“நான் இதுக்கு முதலும் இடம் மாறினனான். சமாளிப்பன்.”

சொன்னபோது குரல் உறுதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தோனியிடம் சொல்லிவிட்டு, சொஜ்ஜோர்னோவை எடுத்து அது முடிகிற திகதியைப் பார்த்தேன். அவர் அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். பிறகு, “நீர் வேறை என்ன சொல்லியிருப்பீர்?” என்றார்.

சட்டத்தரணியிடம் டெனிஸ் நேரே போய்ச் சொன்னாள். அவர் கத்தினார். பிறகு விமான நிலையத்துக்குத் தன் காரைக் கொடுத்தார். இந்த ஊர் மனிதர்கள் அப்படித்தான்.

6

கடைசிப் போட்டிக்கு அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள் இருந்தார்கள். டெனிஸ் இல்லாத எங்கள் அணியில் அதிகமானவர்கள் பலெர்மோப் பெண்கள், இருபது வயதைத் தாண்டாதவர்கள். எதிரே நின்றவர்கள் அவர்களைவிட ஒரு தலை உயரம். முதல் பாதியில் பார்க்கவே முடியவில்லை. ஆட்கள் வெளியே போகத் தொடங்கினார்கள்.

இரண்டாம் பாதியில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அந்தச் சிறுபெண்கள் ஓட ஆரம்பித்தார்கள். விழுந்த பந்துக்கெல்லாம் தரையில் பாய்ந்தார்கள். ஒருத்தியின் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது, பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்ப வந்தாள். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தது. வெளியே போனவர்கள் ஓடித் திரும்பி வந்தார்கள்.

நான் எழுந்து நின்றிருக்கிறேன். எழுந்தது தெரியாது.

“விடாதேங்கோ பிள்ளையள்! விடாதேங்கோ!”

இந்த நாட்டுக்கு வந்து நான் வெளியிடத்தில் தொண்டை கிழியக் கத்தியது அதுதான் முதல்முறை. அதுவும் தமிழில். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் டிலானி. கையைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை. தானும் எழுந்து நின்று, அந்தச் சிசிலிப் பேச்சு இழுப்போடு, “விடாதேங்கோ!” என்று கத்தினாள். முன்வரிசையில் அவளுடைய சிறுமிகள் அணி முழுவதும் இருந்தது. என்ன சொல் என்று தெரியாமலே அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய தாய்மார். பிறகு அந்தப் பக்கம் முழுவதும், காலைத் தரையில் அடித்து அடித்து, “விதாதெங்கோ! விதாதெங்கோ!” என் தாய்மொழி ஒரு அரங்கின் கூரையில் மோதித் திரும்புவதை அன்றுதான் கேட்டேன்.

தோற்றுவிட்டோம். ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தோற்ற பெண்களை மைதானத்தின் நடுவில் நிறுத்தி வைத்துக் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தக் கோடையிலேயே சட்டத்தரணி அணியின் உரிமையை விற்றுவிட்டார். கடலுக்கு அப்பால் ஒரு நகரம் வாங்கியது. சட்டைகளும் பந்துகளும் ஏறிய வாகனம் துறைமுகத்துக்குப் போனதை டிலானியும் நானும் தெருவில் நின்று பார்த்தோம். என் ஒப்பந்தம் முடிந்தது. சில வாரங்கள் நித்திரை இல்லை. சிஞ்ஞோரா தன் பல் வைத்தியரிடம் பேசி இந்த வேலையை எடுத்துத் தந்தார். சொஜ்ஜோர்னோ புதுப்பிக்கப்பட்டது. டிலானி இப்போது எங்கள் பங்குக் கோயில் வளாகத்தில், மூக்கில் பஞ்சடைத்து ஆடிய அந்தப் பெண் நடத்துகிற சிறிய அணியில் விளையாடுகிறாள். எந்தப் பிரிவிலும் இல்லாத அணி.

டெனிஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொலைபேசி எடுத்தாள். அவளை எடுத்துவிட்டார்கள். கடைசி ஆளாக எடுபட்டாளாம், அதிகமாக வெளியே மாற்று ஆட்களின் வாங்கில்தான் இருக்கிறாளாம். ஆனாலும் அம்மா காரில் வந்து பார்க்கிறாராம். அரங்கம் எவ்வளவு பெரிது என்று சொன்னாள். இத்தனை ஆயிரம் பேர் பெண்கள் ஆடுவதைப் பார்க்கக் காசு கொடுத்து வருகிறார்கள் என்று இரண்டு தரம் சொன்னாள்.

“ஒண்டு சொல்லட்டே, ரெஜினா. வந்த முதல் நாள் எங்கடை வீட்டு வாசல்லை கால் வைக்கேக்கை ‘பெர்மெஸ்ஸோ’ எண்டு சொல்லிப்போட்டன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே பிறர் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் சொல்கிற சொல் அது. வரலாமா என்று கேட்பது.

“அம்மாவுக்கு ஒண்டும் விளங்கேல்லை,” என்றாள். “நான் வாசல்லையே நிண்டன். ஆரும் மறுமொழி சொல்லாமல் உள்ளை போகக் கால் வரேல்லை. இப்பவும் வீட்டை போற ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் நிக்கிறன்.”

சொல்லிவிட்டு அவள் தொலைபேசியை வைக்கவில்லை. அந்த முனையில் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. பெர்மெஸ்ஸோ என்றால் வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய மறுமொழி ஒன்று இருக்கிறது.

“அவாந்தி,” என்றேன். “உள்ளை வா, பிள்ளை.”